வராதவள் பெயர்

ரிப்போர்ட்டில் என் அக்காவின் பெயர் இருந்தது.

திரும்பத் திரும்பப் படித்தேன். தொற்றின் மூலம்: பிரம்மசக்தி. உறவு: பெரியம்மா. உறுதி: மிக அதிகம். படிக்கப் படிக்க எழுத்து மாறிவிடுமா என்ன? அக்கா உடன்குடியில் இருக்கிறாள். திருநெல்வேலியில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரியின் வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. மிதிக்காதே என்று சொன்னவளே நான்தான்.

"உங்க அக்கா எப்ப வந்தாங்க?" என்று டாக்டர் சபூரா கேட்டார்.

"வரவே இல்ல டாக்டர்."

"முப்பிடாதி, எங்கிட்ட மறைக்காதீங்க. கெட்ட எண்ணத்துல செஞ்சிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். பாசத்துல ஒரு நிமிஷம் உள்ள விட்டிருப்பீங்க. எப்பன்னு சொன்னா எனக்கு மருந்து பாக்க உதவியா இருக்கும்."

"வரலைன்னு சொல்லுதேம்லா."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை நான் மற்றவர்கள் மேல் வீசி வருகிறேன். மின்வாரியத்தில் புகார்ப் பிரிவு எனக்கு. 'ரெண்டு மாசமா வீடு பூட்டிக் கெடக்கு மேடம், எப்படி இவ்வளவு யூனிட் ஓடும்?' என்று வருகிறவர்களிடம், 'மீட்டர் பொய் சொல்லாது சார், உங்க வீட்ல விசாரிங்க' என்று சொல்லி அனுப்புவதுதான் என் பிழைப்பு. அவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள் என்று நினைப்பேன், மீதிப் பேருக்கு விவரம் போதாது என்று நினைப்பேன். இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் நான். என்னை எந்தப் பாதியில் சேர்த்தார் என்று தெரியவில்லை.

என் மகள் தாமிராவுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றினால் புற்றணுக்களோடு நல்ல வெள்ளணுக்களும் சேர்ந்து செத்துப்போகும். அவை மறுபடி முளைத்து வரும் வரைக்கும் ஒரு சின்னக் கிருமி போதும், பிள்ளையைக் கொண்டுபோய்விடும். முதல் நாள் டாக்டர் சபூராதான் இதை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"வீட்ல திருடன் நுழைஞ்சா நாய் குலைக்கும்லம்மா? இவ வீட்ல இப்ப நாயே கிடையாது. காய்ச்சல்னு ஒண்ணு வர்றதுக்குள்ள திருடன் பீரோவைத் திறந்திருப்பான். அதனால காய்ச்சலுக்காகக் காத்திருக்க முடியாது. கிருமி உள்ள வந்தா ரத்தத்துல சில புரதம் ஏற ஆரம்பிக்கும். இந்தப் பொத்தான் அதை விடாம பாத்துக்கிட்டே இருக்கும்."

பொத்தான் என்றால் சட்டைப் பொத்தான் அளவுதான். காரையெலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்துவிடுவார்கள். பச்சை எரிந்தால் நிம்மதி. மஞ்சள் எரிந்தால் ரத்தத்தில் ஏதோ ஏறுகிறது. சிவப்பு என்றால் மருந்தோடு ஓடிவருவார்கள். இந்தப் பொத்தான் வந்த பிறகு வார்டில் சாவு பாதியாகக் குறைந்தது என்றார்கள். நான் நம்புகிறேன். தாமிராவையே அது போன மாதம் ஒரு தடவை காப்பாற்றியிருக்கிறது. அன்றைக்கு அவள் கார்ட்டூன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், உடம்பு தொட்டால் சில்லென்று இருந்தது, ஆனால் மஞ்சள் எரிந்தது. மறுநாள்தான் காய்ச்சலே வந்தது. அதற்குள் மருந்து முந்திக்கொண்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் ஆட்கள் எதை அதோடு நிறுத்தினார்கள்? பொத்தானுக்கு இரண்டாவதாக ஒரு வித்தையையும் கற்றுக் கொடுத்தார்கள். ரத்தத்தில் மிதக்கும் கிருமியின் துணுக்கைப் படித்து, அது யாருடைய வாயில் குடியிருக்கும் கிருமி என்று சொல்லிவிடும். வார்டுக்குள் போகிற எல்லோரிடமும், பெருக்குகிறவரிலிருந்து பெரிய டாக்டர் வரை, எச்சில் வாங்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்க எச்சில் கொடுத்த உறவினர்களையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அக்கா தூத்துக்குடி லேபில் கொடுத்தது அப்படித்தான் உள்ளே போயிருந்தது. இந்த ரிப்போர்ட்டுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. வார்டில் நாங்கள் எல்லோரும் எச்சில் ரிப்போர்ட் என்போம்.

அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற ஜனங்கள் நாம். எச்சில் தட்டு என்றால் ஒரு அடி தள்ளி நிற்போம். ஆனால் பிள்ளை என்று வந்துவிட்டால் எல்லாம் காற்றில் போய்விடும். சூடு பார்க்கிறேன் என்று பாலை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கொடுப்போம், முறுக்கைக் கடித்துத் துண்டாக்கித்தான் கையில் வைப்போம். எச்சில் ரிப்போர்ட்டில் பெயர் வந்தவர், பிள்ளைக்கு வெள்ளணு திரும்பி ஏறும் வரைக்கும் நாலாவது மாடிக்கு வரக்கூடாது. கீழே இறங்கிவிட வேண்டும். 'அவளை இறக்கிட்டாங்க' என்பது வார்டில் வழக்கமான பேச்சு. அவனை இறக்கிட்டாங்க என்று நான் கேட்டதே இல்லை. பெரும்பாலும் வருவது அம்மாக்களின் பெயர்தான். அம்மாதானே பக்கத்தில் கிடக்கிறாள் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

"நீங்க மூலம் இல்ல. ஆனா விதியை மீறி வெளியாளை உள்ள விட்டிருக்கீங்கன்னு ஆகுது. இன்னொரு தடவை நடந்தா அவ தாங்க மாட்டா. நான் என்ன செய்யட்டும்?" என்றார் டாக்டர்.

"என்ன செய்யப் போறிய?"

"நீங்க கீழ இருங்க. நர்ஸ் பாத்துக்குவாங்க."

தாமிராவின் நெஞ்சில் அன்று காலையிலேயே சிவப்பு எரிய ஆரம்பித்திருந்தது. வாயெல்லாம் புண். தயிர்சாதம்கூட இறங்கவில்லை. நான் செருப்பை மாட்டும்போது கண்ணைத் திறந்து, "எங்கம்மா போற?" என்றாள்.

"இந்தா, வந்துருதேன்."

அதற்கு மேல் என்ன சொல்ல? லிஃப்டில் இறங்கினேன்.

கீழே இறக்கப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி பின்புறம் ஒரு தகரக் கூரைக் கூடம் உண்டு. சுவரில் வரிசையாகத் திரைகள். நம் பிள்ளையின் கட்டிலை அதில் பார்க்கலாம், பேசலாம். பிள்ளைக்கும் நம்மைத் தெரியும். நான் என் திரை எது என்று தெரியாமல் தவித்துக்கொண்டு நின்றபோது ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"கேமரா மேல இருக்கு. இந்தப் படியில ஏறி நில்லுங்க. அப்பத்தான் பிள்ளைக்கு முழு முகம் தெரியும். இல்லன்னா நெத்தி மட்டுந்தான் தெரியும், பிள்ள பயந்துரும்" என்றாள். "கண்ணத் தொடைங்க மொதல்ல."

அவள் பெயர் பனிமேரி. தூத்துக்குடிக் கடற்கரைப் பெண். கூடத்தில் எல்லோருக்கும் வெந்நீர் வாங்கித் தருவது, புதிதாக இறக்கப்பட்டவர்களுக்குத் திரையைக் காட்டிக் கொடுப்பது எல்லாம் அவள்தான். முதலில் ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்தேன். இல்லை என்றாள். "ஒங்க பிள்ள எந்தத் திரையில இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். ஒரு காலித் திரையைப் பார்த்து, "இருந்தான்" என்றாள்.

ஜெர்சன் என்று பெயராம். ஐந்து வயது. எச்சில் ரிப்போர்ட்டில் இவள் பெயர் வந்தது, இறக்கினார்கள், நாலு நாளில் அவன் போய்விட்டான். அடக்கம் முடிந்த அன்றே மாமியார் வாசலில் மறித்துக்கொண்டு, பிள்ளையைத் தின்ற வாய்க்கு இந்த வீட்டில் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டாளாம். புருஷன் ஒன்றும் பேசவில்லையாம்.

"அவியளச் சொல்லி என்ன செய்ய? ரிப்போர்ட்டுல எழுதியிருக்குல்லா" என்றாள் பனிமேரி. "எங்கம்மா ஊட்டுப் பக்கம் எந்தப் பிள்ளையையும் நான் தூக்குறது கிடையாது. இங்ஙனன்னா யாரும் பிள்ளயக் கொண்டு வரமாட்டாவ. அதான் இங்கயே கெடக்கேன்."

உண்மையைச் சொன்னால், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். அவள் கையால் கொடுத்த வெந்நீரை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தேன். அதை அவள் பார்த்தாள். பழகியிருப்பாள் போல.

திரையில் தாமிரா புரண்டு புரண்டு படுத்தாள். நர்ஸ் நெற்றியில் ஈரத்துணி வைத்தாள். தாமிராவுக்கு நெற்றியில் வைத்தால் பிடிக்காது, உள்ளங்காலில்தான் வைக்க வேண்டும். இதைத் திரை வழியே நான் கத்திச் சொன்னேன். நர்ஸ் தலையாட்டிவிட்டு வேறு பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பிள்ளைக்கு எப்படிட்டி இருக்கு?" என்றாள் எடுத்த உடனே.

"நீ இங்க வந்தியா?"

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. நான் தூங்கும்போது, குளிக்கப் போகும்போது, எப்பவாவது வந்து பிள்ளயத் தொட்டியா? உண்மையச் சொல்லு."

"வரலட்டி."

"பொய் சொல்லாத. மிசின் ஒம் பேரச் சொல்லுது. ஒன் வாய்க் கிருமி அவ ரத்தத்துல ஓடுது. மிசின் பொய் சொல்லுமா?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "வரணும்னு தோணாத நாள் கெடையாது. போன வெள்ளிக்கிழம திருநெல்வேலி வரைக்கும் வந்தேன். பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஒரு காப்பி குடிச்சிட்டு, அடுத்த பஸ்சுல திரும்பிட்டேன்."

"திருநெல்வேலி வரைக்கும் வந்தவ ஆஸ்பத்திரிக்கு வரலையாக்கும்? இத நான் நம்பணுமாக்கும்?"

"தவிட்டு மேல சத்தியம் பண்ணிக் குடுத்தேம்லாட்டி. இன்னைக்கு வரைக்கும் அவள எம்பிள்ளன்னு நான் ஒரு ஆளுகிட்டச் சொன்னதில்ல. மனசுக்குள்ளகூடச் சொல்லாம இருக்கத்தான் பாக்கேன்."

போனை வைத்துவிட்டேன்.

ஆமாம், தாமிராவைப் பெற்றவள் அக்கா. எனக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஒன்றும் தங்கவில்லை. அக்காவுக்கு இரண்டு பையன்கள் இருந்தார்கள். மூன்றாவதாக உண்டானபோதே, 'இது ஒனக்கு' என்றாள். எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. தவிட்டுக்குக் கொடுப்பது என்பார்கள். பிள்ளை பால் மறந்ததும் குலதெய்வக் கோயிலில் வைத்து, நான் ஒரு படி தவிட்டை அளந்து அக்காவின் முந்தானையில் போட்டேன். அவள் பிள்ளையை என் மடியில் போட்டாள். தவிட்டை வாங்கியவள் அதற்குப் பிறகு பிள்ளையைத் தன்னுடையது என்று சொல்லக்கூடாது. பிள்ளையை வாங்கியவளும் இது பிறத்தியாள் பெற்றது என்று வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது. சொன்னால் பிள்ளைக்கு ஆகாது. மின்வாரியத்தில் வேலை பார்க்கிற நீ இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்பீர்கள். உங்கள் பிள்ளை விஷயத்தில் நீங்கள் நம்புவதை என்னிடம் சொல்லுங்கள், பிறகு நான் சொல்கிறேன்.

அதனால் ஆஸ்பத்திரியில் நான்தான் அம்மா. ஓமனில் இருக்கும் என் வீட்டுக்காரர் அப்பா. அக்கா, பெரியம்மா. நோய் என்று தெரிந்ததும் அக்கா புறப்பட்டு வருகிறேன் என்று துடித்தாள். நான் வேண்டாம் என்றேன். கிருமிப் பயம் என்று சொன்னேன். கிருமி மட்டும்தான் காரணமா? நோயோடு கிடக்கிற பிள்ளை அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றால் நான் எங்கே போவேன் என்கிற பயம்தான் பெரிதாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் சபூரா கீழே இறங்கி வந்து என்னைப் புறநோயாளிப் பிரிவில் ஒரு அறைக்குக் கூட்டிப்போனார். முகம் சரியில்லை.

"ரத்தத்துல அளவு இன்னும் ஏறிக்கிட்டுதான் இருக்கு. பிரஷர் குறையுது. வெளியில இருந்து வந்த கிருமின்னு வச்சுதான் மருந்து குடுத்திருக்கேன். உங்க அக்காவுக்கு சமீபத்துல சளி, தொண்டை வலி ஏதாவது இருந்துச்சா? எங்க தொட்டாங்க, என்ன ஊட்டினாங்க? இதெல்லாம் எனக்குத் தெரியணும்."

"வரலைன்னா நான் என்னத்தச் சொல்ல?"

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த கணினிப் பலகையைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "மஜ்ஜைப் பொருத்தம் பாத்தோம்ல, அதைப் பாருங்க. உங்க அக்காவுக்குச் சரிபாதி பொருந்துது. எல்லாப் பெரியம்மாவுக்கும் இப்படிப் பொருந்தாது. அந்தப் பொம்பள பிள்ளையப் பாக்காம ஊர்ல உக்காந்திருக்காங்கன்னு என்ன நம்பச் சொல்றீங்களா?"

"பொருந்தாம என்ன செய்யும்? பெத்தவ அவதான!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வார்த்தையைப் பொத்தி என்ன பயன், அது போயாயிற்று. இத்தனை வருஷம் சொல்லாததை, பிள்ளை மேலே சிவப்பு எரியக் கிடக்கும்போது சொல்லிவிட்டேன். முப்பிடாதி, நீயே உன் பிள்ளைக்கு உலை வைத்துவிட்டாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

டாக்டர் பலகையை ஓரமாக வைத்தார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"பெத்தவங்க அவங்களா?"

நான் தலையாட்டினேன்.

"பால் குடுத்தாங்களா?"

"எட்டு மாசம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நாந்தான். பெரியம்மான்னு வருசத்துக்கு ஒருக்கா கோயில் கொடைக்குப் பாக்கும். தூரத்துல நின்னு சிரிச்சிட்டுப் போகும், அவ்வளவுதான்."

"இந்த ஒரு வருஷமா?"

"பாக்கவே இல்ல டாக்டர். எங்கம்மா மேல ஆணையா."

டாக்டர் எழுந்தார். வேகமாக வெளியே போனார். அறையில் நான் மட்டும். எனக்கு அந்த நேரத்தில் தெரிந்த தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். சொன்ன வாயைத் தைத்துவிடு, பிள்ளையை விட்டுவிடு என்று முப்பிடாதி அம்மனிடம் பேரம் பேசினேன். அவள் பெயரைத்தானே எனக்கு வைத்திருக்கிறார்கள், இதைக்கூடச் செய்யமாட்டாளா?

டாக்டர் திரும்பி வந்தபோது என் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மருந்தை மாத்திட்டேன். இனி கேக்கும்னு நினைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா இப்ப சரியான மருந்து போகுது."

"எப்படித் தெரிஞ்சுது?"

"தாமிராவைச் சேர்த்த அன்னைக்கு, வார்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே, அவ வாயில இருந்து எச்சில் எடுத்து வச்சோம். வழக்கமா எடுக்கறதுதான். இப்ப அதைப் பிரிச்சுப் பாத்தேன். அதே கிருமி. ரத்தத்துல ஓடற அதே கிருமி அன்னைக்கே அவ வாயில இருந்திருக்கு."

"யாரு கொண்டாந்து வச்சா?"

"யாரும் இப்பக் கொண்டாரலை. குழந்தை பிறக்கும்போது அது வாயில ஒரு கிருமியும் கிடையாது. பெத்தவ முத்தம் குடுப்பா, பால் குடுப்பா, அப்ப அவகிட்ட இருந்துதான் முதல்ல போய்க் குடியேறும். நல்ல கிருமிதான், ஒண்ணும் செய்யாது. சாகற வரைக்கும் கூடவே இருக்கும். மருந்தால வாயெல்லாம் புண்ணாச்சுல்ல, அந்தப் புண் வழியா அது ரத்தத்துக்குள்ள இறங்கிருச்சு. அவளோட கிருமி, அவளுக்குள்ளயே இருந்தது. பூர்வீகம் மட்டும் உங்க அக்கா."

நான் புரிந்துகொள்ள முயன்றேன். முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே வந்த இன்னொன்றை மறைக்க மாட்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. பல் முளைத்ததிலிருந்து ஊட்டியவள் நான். தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். அவள் ரத்தத்தில் அம்மா யார் என்று தேடினால் அக்காதான் அகப்படுகிறாள். எட்டு மாசப் பாலுக்கு இவ்வளவு ஆயுசா?

"அவளோட எச்சில் உங்ககிட்ட இருந்துச்சுன்னா, மிசின் அதையே சொல்லியிருக்கலாம்லா?"

"அதுகிட்ட நாங்க கேட்டது 'யார் கொண்டுவந்தாங்க'ன்னுதான். ஒப்பிடற பட்டியல்ல குழந்தை பேரே கிடையாது. யாரும் கொண்டுவரலைங்கிற பதிலை நாங்க அதுக்குச் சொல்லிக் குடுக்கல." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா பேர் வரும்போதெல்லாம், அவதானே கூட இருக்கா, அவகிட்ட இருந்து இப்பத்தான் ஒட்டியிருக்கும்னு நினைச்சோம். பெத்தவளே பக்கத்துல இருக்கறதால அது தப்புன்னு தெரிய வழியே இல்லாமப் போச்சு. பெத்தவ ஒரு ஊர்லயும் வளக்கறவ ஒரு ஊர்லயும் இருக்கற முதல் குழந்தை உங்க குழந்தைதான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்படின்னா மத்தவிய? இறக்குன அம்மாமாரெல்லாம்?"

டாக்டர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"பனிமேரின்னு ஒருத்தி இருக்கா டாக்டர்."

"தெரியும். ஜெர்சன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அவனோட எச்சில் இன்னும் பெட்டில இருக்கு. பாத்துட்டுத்தான் வந்தேன். இன்னும் சிலரோடதும் பாத்தேன். எல்லாத்தையும் பாக்க எனக்குத் தைரியம் வரலை."

ஆஸ்பத்திரி என்ன சொல்லும், மிசின் செய்த கம்பெனி என்ன சொல்லும் என்று நான் கேட்டேன். ஒத்துக்கொள்ள ரொம்ப நாளாகும் என்றார். "அவங்க ஒத்துக்கறப்ப ஒத்துக்கட்டும். நான் சொல்ல வேண்டியவங்ககிட்ட இப்பவே சொல்றேன்" என்று எழுந்தார். "நீங்க மேல போங்க. நர்ஸ்கிட்டச் சொல்லிட்டேன்."

மேலே போகும் வழி கூடத்தைத் தாண்டித்தான். நடந்துகொண்டே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பொறப்பட்டு வா."

"தவிடு..."

"அந்தத் தவிட்ட நான் பாத்துக்கிடுதேன். நீ வா. கைய நல்லாக் கழுவிட்டு வா."

அவள் அழுதாளா, சிரித்தாளா என்று கேட்க எனக்கு நேரமில்லை. கூடத்துக்குள் டாக்டர் எனக்கு முன்னால் போய்விட்டிருந்தார். பனிமேரி வெந்நீர் பிளாஸ்கோடு எதிரே வந்தாள். டாக்டர் அவளை உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. டாக்டர் எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னார். இன்னும் எளிதாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஜெர்சனுக்கு வந்த கிருமி அவன் வாயிலேயே இருந்தது. நீங்க கொண்டுபோனது இல்ல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. எங்க மேலதான் தப்பு.

பனிமேரி ஓவென்று அழுவாள், டாக்டர் கையைப் பிடித்துக்கொள்வாள், அந்த மாமியார்க்காரியைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள் என்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் பிளாஸ்கைக் கீழே வைத்தாள். அந்தக் காலித் திரையைப் பார்த்தாள்.

"அப்பம் நான் அவங்கூடவே இருந்திருக்கலாமா டாக்டர்?"

அவள் போய் அந்தத் திரையைத் தொட்டாள்.

"கடைசி நாளு இதுல கூப்புட்டான். அம்மா உள்ள வா, உள்ள வான்னு ஒரே அழுக. நான் வந்தா ஒனக்கு ஆகாதுல, நான் வரமாட்டேன்னு சொன்னேன். நீ போன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டான். அப்புறம் திரும்பவே இல்ல." குரல் உயரவில்லை. விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "அன்னைக்கு நான் போயிருக்கலாமா?"

"போயிருக்கலாம்மா" என்றார் டாக்டர்.

மாடியிலிருந்து ஒலிபெருக்கியில் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். தாமிராவின் அம்மா மேலே வரவும். பனிமேரியை அப்படியே விட்டுவிட்டு என் பிள்ளையிடம் எப்படிப் போவது என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்தேன். காலையில் தள்ளி நின்றவள் நான்தான். அவள் தன் கையை உருவிக்கொண்டு என்னை லிஃப்ட் பக்கம் பிடித்துத் தள்ளினாள்.

"இங்ஙன நின்னு என்ன பாக்கே? மேல போ. பிள்ள கூப்புடுதுல்லா."